மாதம் 1000 டாலர் அபராதக் கழிவு யாருக்கு?

குமரன்:
மாலதி அக்கா நேற்று எழுதியதைப் படித்ததில் இருந்து எரிச்சல் அடங்கவில்லை. போதைக்கு அடிமையான ஒருவர் சிகிச்சைக்குப் போனால், கட்டாமல் விட்ட நீதிமன்ற அபராதம், போக்குவரத்து அபராதம் எல்லாவற்றிலும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு மாதம் 1000 டாலர் வரை கழித்துவிடுகிறது, அது நல்ல ஏற்பாடு என்கிறார். அதே திட்டத்தில் கூலியில்லாமல் வேலை செய்பவருக்கு மணிக்கு 50 டாலர்தான் கழிகிறது. 1000 டாலர் கழிய அவர் 20 மணி நேரம் முதுகொடிய வேலை செய்ய வேண்டும், இவர் போய் உட்கார்ந்து பேசினால் போதுமா? பள்ளிக்கூட வாசல் கேமராவில் மாட்டிய நான் முழுசாகக் கட்டினேன், எனக்கு யாரும் ஒரு டாலர் குறைக்கவில்லை.

மாலதி:
குமரன் தம்பி, உட்கார்ந்து பேசுவதா? குடியை நிறுத்திய முதல் வாரத்தில் கை நடுங்கி, தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பவரைப் பார்த்துவிட்டு இதைச் சொல்லுங்கள். அபராதத்தைச் சிகிச்சையாலோ வேலையாலோ கழிக்கும் இந்த வொர்க் அண்ட் டெவலப்மென்ட் ஆர்டர் திட்டம் 2009இல் சோதனையாகத் தொடங்கி 2011இல் நிலையானது. காசு யார் கைக்கும் போவதில்லை. அனுமதி பெற்ற நிறுவனமோ மருத்துவரோ பொறுப்பேற்று, அபராதக்காரர் சிகிச்சைக்கு ஒழுங்காக வந்தாரா என்று, அபராதம் வசூலிக்கும் மாநில அரசு அலுவலகமான ரெவன்யூ என்எஸ்டபிள்யூவுக்குத் தெரிவிக்க வேண்டும். வராமல் நின்றுவிட்டால் கழிவும் இல்லை.

பரமேஸ்:
இது போதைக்கு அடிமையான குற்றவாளிகளைச் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பும் பரமட்டா டிரக் கோர்ட் விஷயம்தானே? 1999இலேயே வந்துவிட்டது. அதில் தவறினால் சிறை. இதில் என்ன தண்டனை?

மாலதி:
டிரக் கோர்ட் வேறு, இது வேறு என்று நேற்றே எழுதினேன். இது கட்டாத அபராதத்துக்கு.

குமரன்:
சுற்றி வளைக்க வேண்டாம். 20 மணி நேரத்துக்குப் பதில் என்ன?

ரமணன்:
முழுசாகக் கட்டியவராம்! தமிழ்ப் பள்ளி விழாவில் ஊனமுற்றோர் இடத்தில் காரை நிறுத்தி அபராத டிக்கெட் வாங்கிவிட்டு, அந்தக் காசைச் சங்கம் கட்ட வேண்டும் என்று சண்டை போட்டது யார்?

குமரன்:
அந்த இடத்தில் பலகையே இல்லை. தெரியாமல் பேசாதீர்கள். சங்கப் பொருளாளராக இருந்தபோது நீங்கள் காட்டிய கணக்கைப் பற்றி நானும் எழுதட்டுமா?

மாலதி:
அந்தச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வேலை செய்த மறுவாழ்வு நிலையத்துக்கு ஒருவர் பிளாஸ்டிக் பை நிறையப் பிரிக்காத கடிதங்களோடு வந்தார். ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறியதற்கு 200 டாலர், அது தவணை தாண்டியதும் மேலே 65 டாலர், இப்படியே ஒவ்வொன்றும். லைசென்ஸும் போயிற்று. லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டிப் பிடிபட்டு, அதற்கு நீதிமன்றத்தில் இன்னொரு அபராதம். கையில் ஐந்து காசு இல்லாத இவரிடம் அரசு எதைப் பிடுங்கப்போகிறது? ஆர்டர் கிடைத்தபின்தான் அந்தக் கடிதங்களைப் பிரிக்கவே அவருக்குத் துணிவு வந்தது. அப்புறம், இது போதைக்காரருக்கு மட்டும் என்று யார் சொன்னது? மனநோய், வீடில்லாமை, கடும் பணமுடை உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு வேலையும் சம்பளமும் இருக்கிறது, கட்டினீர்கள்.

பரமேஸ்:
அப்படியென்றால் குடிக்காமல் கஷ்டப்படுபவன் மணிக்கு 50 டாலருக்கு வேலை செய்ய வேண்டும், குடித்தவனுக்கு 1000. குமரன் கேட்பது சரிதான்.

மாலதி:
1000 "வரை", பரமேஸ் அண்ணை. அந்த "வரை"யை எல்லோரும் விழுங்கிவிடுகிறீர்கள். சிகிச்சையில் இருப்பவருக்கு அது வாரம் ஒரு மணி நேர வேலை இல்லை, நாள் முழுக்க அதே போராட்டம்.

குமரன்:
"வரை" என்றாலும் 1000 தானே? நான் கேட்டது ஒரே கேள்வி. 20 மணி நேரம் எங்கே? பதிலைக் காணோம்.

மாலதி:
எழுதியாகிவிட்டது. மேலே போய்ப் படியுங்கள்.

ரமணன்:
கணக்கை எழுதுகிறேன் என்றாரே, எழுதச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.