பட்டா வந்தால் கடன் வருமா?

வரப்போரம்:
"பட்டா கொடுத்தால் போதும், ஏழை உழவனுக்கு வங்கிக் கடன் தானாக வந்துவிடும்" என்று நேற்று இந்த விவாதக் களத்தில் ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. கென்யாவில் 1954-லேயே, ஆங்கிலேய ஆட்சி கொண்டுவந்த ஸ்வின்னர்டன் வேளாண் திட்டத்தில் நிலத்தை அளந்து பட்டா கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடன் வந்ததா? அடகு நிலம் ஏலத்துக்கு வந்தால், நிலத்துக்காரரின் குலத்தாரைப் பகைத்துக்கொண்டு யார் வாங்குவார்கள்? விற்க முடியாத நிலத்தை நம்பி எந்த வங்கி பணம் தரும்?

முத்துக்கணக்கு:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். தாய்லாந்தில் பட்டா வைத்திருந்த உழவர்களுக்கு வங்கி போன்ற நிறுவனங்களின் கடன் அதிகம் கிடைத்தது என்று பொருளியலாளர் ஃபெடர் குழுவின் 1988 ஆய்வு காட்டுகிறது. கடன் வந்தது ஐயா, வந்தது.

வரப்போரம்:
அங்கே வேளாண் வங்கி 1966-லிருந்தே இருக்கிறது. கொடுக்க ஆள் இருந்தது, கொடுத்தார்கள். கென்யாவுக்குப் பதில் சொல்லுங்கள்.

பனையோலை:
கடனை விட்டு வெளியே வாருங்கள் இருவரும். ருவாண்டாவில் 2009 முதல் 2013 வரை 1 கோடிக்கும் மேற்பட்ட நிலத் துண்டுகளைப் பதிந்தார்கள். வானிலிருந்து எடுத்த படத்தை விரித்து, பக்கத்து நிலத்துக்காரர்களையும் வரப்பில் நிறுத்திவைத்து, பேனாவால் எல்லைக்கோடு போட்டார்கள். நாடு முழுக்கப் பதியும் முன் முன்னோட்டமாகப் பதிந்து பார்த்த இடங்களில் மண் அரிப்பைத் தடுக்கும் வேலை கூடியது, அதுவும் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் அதிகமாக. நிலம் பறிபோகாது என்ற தைரியம்தான் காரணம்.

முத்துக்கணக்கு:
அதே முன்னோட்டத்தில், திருமணத்தைச் சட்டப்படி பதியாத மனைவிகளின் உரிமை பலவீனமானதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?



வரப்போரம்:
சண்டை அப்புறம். எத்தியோப்பியாவில் நிலம் அரசுடையது. உழவர்களுக்கு நில உரிமைச் சான்றிதழ் கொடுத்த காலத்தில் நிலத்தை அடகு வைக்கச் சட்டத்தில் இடமே இல்லை. அப்படியும் உழவர்கள் நிலத்தில் உழைப்பைப் போட்டார்கள், குத்தகைக்கு விட்டால் நிலம் போய்விடுமோ என்ற பயமும் குறைந்தது. கடனே இல்லாமல்!

பனையோலை:
அதைத்தானே நானும் சொன்னேன்!

வரப்போரம்:
நீங்கள் ருவாண்டாவைச் சொன்னீர்கள். அங்கே பதிவு முடிந்த பிறகு, துண்டு எவ்வளவு சிறியதானாலும் பெயர் மாற்றத்துக்கு ஒரே கட்டணம் வாங்கினார்கள்; சிறு நிலத்துக்கு அது சுமை. அதனால் கைமாறிய நிலங்கள் பல பதியப்படவே இல்லை, பதிவேடு பழசாகிப்போனது.

முத்துக்கணக்கு:
தாய்லாந்தில் கடன் வந்தது. அதை மறுக்க உங்களால் முடியவில்லை.

வரப்போரம்:
கென்யாவில் வந்ததா? மூன்றாவது முறை கேட்கிறேன்.