வானியற்பியலையும் மருந்து வேதியியலையும் சேர்த்துப் படிக்க முடியுமா?

உசிலம்பட்டி மாணவி:

அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்கு அருகில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்கும் அடங்கிய பிரிவில் பிளஸ் டூ படிக்கிறேன். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பார்த்ததிலிருந்து விண்மீன்களின் இயற்பியலைக் கற்க வேண்டும் என்ற விருப்பம் எனக்கு உறுதியாகிவிட்டது. அதே அளவு விருப்பம் மருந்து வேதியியலிலும் இருக்கிறது. கதிரறுப்பின்போது நெல் தாள் கிழித்து என் அத்தைக்குக் கருவிழியில் பூஞ்சைப் புண் வந்தது. வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட்டும் பார்வை முழுமையாகத் திரும்பவில்லை. அந்த மருந்து ஏன் அவ்வளவு மெதுவாக வேலை செய்தது என்று அன்று முதல் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வீட்டில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே பட்டப்படிப்பில் படிக்க வழி உண்டா? இவற்றுக்கு இடையே உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா, அல்லது இரண்டும் எனக்குப் பிடித்திருப்பதால் அப்படித் தோன்றுகிறதா?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மதுரை:

அன்பு மகளுக்கு, உன் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தொடர்பு இருக்கிறது. இந்திய வானியற்பியலாளர் மேகநாத் சாஹா 1920-இல் விண்மீன்களின் வளிமண்டலத்தில் அணுக்கள் எவ்வளவு அயனியாகின்றன (எலக்ட்ரான்களை இழக்கின்றன) என்று கணக்கிட்டபோது, வேதிவினைகளின் சமநிலைக்கு வேதியியலார் வைத்திருந்த சூத்திரத்தைத்தான் அயனியாக்கத்துக்குப் பொருத்தினார். விண்மீன் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும்போது தெரியும் நிறமாலைக் கோடுகளிலிருந்து அதன் வெப்பநிலையை அறிய அதனால்தான் வழி பிறந்தது. நீ பார்த்துவந்த கொடைக்கானல் ஆய்வகத்தில் ஆங்கிலேய வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததும் நிறமாலைக் கோடுகளின் சிறு இடப்பெயர்ச்சியை அளந்துதான். மருந்து மூலக்கூறின் அமைப்பை அறிவதற்கும் நிறமாலையியலே முதன்மையான கருவி. 1868-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை ஒட்டிச் சூரிய ஒளியில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட ஹீலியம், இன்று திரவ வடிவில், மூலக்கூறின் அமைப்பை அறிய உதவும் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்திசைவு) கருவிகளின் காந்தங்களைக் குளிர்விக்கிறது என்பதை என் மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு.

இயற்பியலிலிருந்து உயிர் மூலக்கூறுகளுக்குச் சென்றவர்களுக்கும் நம் மண்ணில் குறைவில்லை. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்ட வரைபடம்தான் புரதங்களின் வடிவத்தைச் சரிபார்க்க இன்றளவும் பயன்படுகிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு உயிரியலுக்கு மாறி, உயிரணுக்களில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பல ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமைத்தான் முடக்குகின்றன.

அதனால் நீ இயற்பியலையே எடு. பி.எஸ்சி. இயற்பியலில் கணிதமும் வேதியியலும் துணைப்பாடங்களாக வரும். கணித அடித்தளம் இருபது வயதுக்குள் அமைந்துவிட்டால் பிறகு எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

மருந்து ஆய்வாளர், திருநகர்:

ஐயா சொன்னவற்றை மதிக்கிறேன், ஆனால் முடிவில் மாறுபடுகிறேன். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறிந்தவர்கள். புதிய மூலக்கூறைச் செய்து பார்ப்பது வேறு தொழில். தங்கை, உங்கள் அத்தைக்கு எந்த மருந்து கொடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இத்தகைய புண்ணுக்குப் பரவலாகக் கொடுக்கப்படுவது நேட்டமைசின் என்ற பூஞ்சைக்கொல்லிச் சொட்டு மருந்து. நம் மதுரையில் ஆரோலேப் நிறுவனமும் அதைத் தயாரிக்கிறது. அது பூஞ்சையின் சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைப் பற்றிக்கொள்ளும் பெரிய மூலக்கூறு. நீரில் அரிதாகக் கரைவதால் கலங்கலாகத்தான் தருகிறார்கள். கருவிழிக்குள் ஆழமாக இறங்காது. எளிதில் ஊடுருவும் மற்றொரு பூஞ்சை மருந்தான வோரிகொனசோல்தான் வெல்லும் என்று எதிர்பார்க்கத் தோன்றும் அல்லவா? ஆனால் அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்று 2013-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், குறிப்பாக ஃபியூசேரியம் வகைப் பூஞ்சையில், நேட்டமைசினே நல்ல பலன் தந்தது. மூலக்கூறின் எந்தப் பகுதியை மாற்றினால் ஊடுருவலும் கூடி, பூஞ்சையைக் கொல்லும் திறனும் குறையாமல் இருக்கும் என்பதே மருந்து வேதியியலின் கேள்வி. அதற்குக் கரிம வேதியியல் ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்காகக் கை பழக வேண்டும். துணைப்பாடத்தில் வரும் செய்முறை அதற்குப் போதவே போதாது. எம்.எஸ்சி. வேதியியலில் சேரவும் பெரும்பாலான கல்லூரிகளில் பி.எஸ்சி. வேதியியல் கேட்பார்கள். மாறாக, வேதியியல் படித்தவர்களுக்கு விண்வெளியில் நல்ல வேலை காத்திருக்கிறது: விண்மீன்களுக்கு இடையிலான வெளியில் ஃபார்மால்டிஹைடு என்ற கரிம மூலக்கூறு 1969-இல் கண்டறியப்பட்டது முதல் இன்றுவரை 300-க்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் தெரியவந்துள்ளன, அவை எப்படி உருவாகின்றன என்பது வேதியியல் கேள்விதான்.

உசிலம்பட்டி மாணவி:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. இருவரும் எதிரெதிர்த் திசையைக் காட்டுவதால் கேட்கிறேன்: இந்த முடிவைத் தள்ளிப்போட வழி இருக்கிறதா?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மதுரை:

இருக்கிறது, அதையே முதலில் சொல்லியிருக்கலாம். ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ் (இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த) படிப்பில் தொடக்கத்தில் நான்கு அறிவியல் பாடங்களையும் படித்துவிட்டு, அதன் பிறகே முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். திருவனந்தபுரமும் திருப்பதியும் நமக்கு அருகில் உள்ளவை. சேர்வதற்கு ஐசர் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் நீ படிக்கும் நான்கு பாடங்களிலிருந்தும் கேள்விகள் வரும் என்பதால் உன் பிரிவு உனக்குச் சாதகம். வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ்வழியில் படிப்பவளாக இருந்தால் கலைச்சொற்களை இப்போதிருந்தே இரண்டு மொழியிலும் எழுதிப் பழகு.

மருந்து ஆய்வாளர், திருநகர்:

இதை நானும் முழுமையாக ஆதரிக்கிறேன். இடம் கிடைக்காவிட்டால் மதுரைக் கல்லூரி ஒன்றில் வேதியியலில் சேர்ந்து, கணிதத்தை விடாமல் படியுங்கள். இந்திய அறிவியல் அகாடமிகள் மாணவர்களுக்கு வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்குக் கல்லூரி நாட்களில் விண்ணப்பித்து, ஒரு கோடையை வானியல் ஆய்வுக் குழுவிலும் மற்றொன்றைக் கரிம வேதியியல் ஆய்வகத்திலும் செலவிட முயலுங்கள்.