ரோபோ கை நடுங்குது, புதன்கிழமை டெமோ, வீட்டுப் பேப்பரும் வரலை

கட்டபெட்டு_பையன்
எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம்தான் ஊர். இங்க வந்து மூணு வாரம் ஆகுது. ரோபோட்டிக்ஸ் ஆராய்ச்சி லேபில் கண்ட்ரோல் எஞ்சினியர் வேலை. போன வாரம் வரைக்கும் ரோபோ கை நல்லா ஓடுச்சு. இப்ப நடுங்குது, சில நேரம் பிரேக் போட்டு நின்னுடுது. கெயின் (பிழையைத் திருத்துற கட்டளையோட வலு) எவ்வளவு வைக்கணும்? புதன்கிழமை புரொஃபசர் முன்னாடி டெமோ. சொதப்பினா ஊருக்கு அனுப்பிடுவாங்களா? வாடகை வீட்டு ஓனர், நான் குடியேறினதுக்கான பேப்பரும் தரமாட்டேங்கிறார். தூக்கமே இல்லைங்க.

கேத்தி_கேரட்
தம்பி, முதல்ல சின் நம்பர் (கனடாவுல வேலை பாக்கத் தேவையான எண்) வாங்கிட்டியா? பாஸ்போர்ட், வொர்க் பர்மிட் ரெண்டையும் எடுத்துட்டு சர்வீஸ் கனடா ஆபீசுக்குப் போ. அது இல்லாம சம்பளக் கணக்கு ஓடாது. பனிக்கு முன்னாடி நல்ல பூட்ஸ் வாங்கிடு.

அரவங்காடு_கேட்
எந்த நாடுன்னே அவர் சொல்லலை, அதுக்குள்ள கனடாவா? நடுங்குதுன்னா கெயின் அதிகம். பி-யை (இப்ப இருக்குற பிழைக்கான கெயின்) பாதியாக்குங்க, ஐ-யை (சேர்ந்துபோன பிழைக்கானது) எடுத்துடுங்க. அவ்வளவுதான்.

லவ்டேல்_லூப்
பாதியாக்கினா கை தொங்கிப்போகும். டி-யை (வேகத்தைப் பாத்து ஆட்டத்தை அடக்குற கெயின்) ஏத்துங்க, நடுக்கம் அடங்கும்.

அரவங்காடு_கேட்
டி ஏத்தினா இரைச்சல்தான் ஏறும். மூட்டுக் கோணத்தை அளக்குற, சுற்றுக்கு 4096 கவுண்ட் உள்ள என்கோடர்ல ஒரு கவுண்ட் 0.0015 ரேடியன். செகண்டுக்கு ஆயிரம் தடவை ஓடுற 1 கிலோஹெர்ட்ஸ் லூப்பில் முந்தின அளவைக் கழிச்சு வேகம் பாத்தா, ஒரே கவுண்ட் மாறினாலும் செகண்டுக்கு 1.5 ரேடியன்னு காட்டும். அந்தப் பொய் வேகத்தை டி பெருக்கி மோட்டாருக்கு அனுப்பும்.

லவ்டேல்_லூப்
ஃபில்டர்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?

அரவங்காடு_கேட்
20 ஹெர்ட்ஸ்ல வெட்டுற சாதாரண ஃபில்டர், அதே 20 ஹெர்ட்ஸ்ல 45 டிகிரி ஃபேஸைத் தின்னுடும், அதாவது சிக்னல் அவ்வளவு பின்தங்கும். அப்புறம் எதை வச்சு ஆட்டத்தை அடக்குறது?

வர்க்கி_டீ
கண்ட்ரோலை விடுங்க. முதல் மூணு மாசம் குளிரும் தனிமையும்தான் ஆளைக் கொல்லும். ஊட்டிக் குளிர்ல வளந்தவனுக்கு எதுவும் தாங்கும்னு நினைக்காதீங்க. ஊர்ல மத்தியானம் வெயில் வந்துடும், இங்க நவம்பர்ல நாலரைக்கே இருட்டு.

கேத்தி_கேரட்
சும்மா பயமுறுத்தாதே. இங்க வீட்டுக்குள்ள ஹீட்டர் இருக்கு, ஊர்லதான் ஜனவரியில போர்வைக்குள்ளேயே விறைக்கிறோம். தம்பி, ஊர் மாதிரி கரிக் கணப்பை மட்டும் அறைக்குள்ள மூட்டிடாதே. ஜன்னல் சாத்தின அறையில கார்பன் மோனாக்சைடு தூக்கத்துலயே ஆளை எடுத்துடும்.

வர்க்கி_டீ
நம்ம மலையில வேலை இருந்தா யார் வருவா இங்க? ஊட்டி ஃபிலிம் ஃபேக்டரி போச்சு. பச்சைத் தேயிலை விலையைக் கேட்டாலே வயிறு எரியுது. கண்ட்ரோல் படிச்சவனுக்கு மேல என்ன இருக்கு?

லவ்டேல்_லூப்
ஊட்டிகிட்ட முத்தோரை ரேடியோ தொலைநோக்கி இருக்கே. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-ல் இருந்து நிக்குது. மலைச்சரிவும் 11 டிகிரி, ஊரோட அட்சரேகையும் 11 டிகிரி. அதனால அதோட நீள அச்சு பூமியோட அச்சுக்கு இணையா அமைஞ்சது. ஒரே அச்சில் சுத்தினாலே வானத்தைத் தொடர்ந்து பிடிக்கலாம். பாதி கண்ட்ரோல் வேலையை மலையே பாத்துக்குது!

தொட்டபெட்டா_மேகம்
அழகான விஷயம், ஆனா புதன்கிழமை வந்துட்டே இருக்கு. தம்பி, இதைச் சொல்லுங்க: எந்த நாடு? எப்ப இருந்து நடுக்கம்? அதுக்கு முன்னாடி கையில என்ன மாத்தினீங்க? எந்தக் கம்ப்யூட்டர், கேபிள் எப்படிப் போகுது?

கட்டபெட்டு_பையன்
மன்னிக்கணும் அண்ணா. ஜெர்மனி. ஏழு மூட்டுக் கை, டார்க் கண்ட்ரோல் (மோட்டாருக்குத் திருப்புவிசையைக் கட்டளையா அனுப்புறது), 1 கிலோஹெர்ட்ஸ். வெள்ளிக்கிழமை புது கிரிப்பர் 900 கிராம், கேமரா 300 கிராம் மாட்டினோம். கை தொங்குச்சு, அதனால பி-யை ஏத்தினேன். டெமோ ஹாலுக்காக லேப்டாப்புக்கு மாத்தி, ஹால் நெட்வொர்க் ஸ்விட்ச் வழியா கேபிள்.

தொட்டபெட்டா_மேகம்
இதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். பழைய கெயின்ல தப்பே இல்லை.

தோள் மூட்டுல இருந்து 0.6 மீட்டர் தள்ளி 1.2 கிலோ தொங்கினா ஏறக்குறைய 7 நியூட்டன் மீட்டர். இந்த எடையை பேலோடில் (கை தூக்குற சுமைக்கான செட்டிங்) எழுதலைன்னா, ஈர்ப்புக் கணக்குக்கு அது தெரியாது. ரேடியனுக்கு 100 நியூட்டன் மீட்டர் விறைப்பு வச்சிருந்தா அந்த மூட்டு மட்டும் 4 டிகிரி இறங்கும். நீங்க பாத்த தொங்கல் அதுதான். அதைத் தூக்க பி-யை ஏத்தினீங்க, லூப் வேகமாச்சு. அந்த நேரம் பாத்து லேப்டாப்பும் ஸ்விட்சும் தாமதத்தைச் சேர்த்துச்சு. 20 ஹெர்ட்ஸ்ல 5 மில்லிசெகண்ட் தாமதம்னா 36 டிகிரி ஃபேஸ் போச்சு. ஆட்டம் வராம தாங்க 45 டிகிரி மார்ஜின் வச்ச லூப்ல மிச்சம் 9. நடுங்காம என்ன செய்யும்?

பழைய கெயினுக்கே திரும்புங்க. கிரிப்பர், கேமரா, தகடு, போல்ட் எல்லாத்தையும் சேர்த்துத் தராசில் வைங்க. எடையையும் ஈர்ப்பு மையத்தையும் பேலோடில் எழுதுங்க. அப்புறம் விறைப்பைச் சுழியாக்கி, கையை அஞ்சாறு நிலையில் பிடிச்சு விடுங்க. விட்ட இடத்துலயே நிக்கணும். இறங்கினா எழுதின எடை குறைவு, தானா எழும்பினா அதிகம். கேமரா வயர் மணிக்கட்டை இழுத்தாலும் இப்படித்தான் காட்டும், அதனால வயருக்குத் தாராளமா வளைவு விட்டுக் கட்டுங்க.

பிரேக் போட்டு நிக்குறது வேற வியாதி. பாக்கெட் நேரத்துக்கு வரலை. டெஸ்க்டாப்பையே ஹாலுக்குத் தூக்கிட்டுப் போங்க. ஸ்விட்ச் வேண்டாம், கண்ட்ரோலருக்கு நேர் கேபிள். ரியல்டைம் கர்னல் (நேரம் தவறாம ஓடுற லினக்ஸ்), பவர் சேவிங் முழுசா ஆஃப். தாமதத்தை அளக்குற சைக்ளிக்டெஸ்ட்டை ஒரு மணி நேரம் சுமையோட ஓட்டுங்க. சராசரியைப் பாக்காதீங்க, அதிகபட்சத்தைப் பாருங்க. 100 மைக்ரோசெகண்டுக்குள்ள இருக்கணும். லூப்புக்குள்ள பிரிண்ட், ஃபைல் எழுதுறது, மெமரி கேக்குறது எதுவும் கூடாது. தொடங்கும்போது முதல் கட்டளை, கை இப்ப நிக்குற கோணமே. இல்லைன்னா ஒரே தாவல், உடனே பிரேக்.

அரவங்காடு_கேட்
சரிதான், பேலோடை நான் யோசிக்கலை. இதுக்கப்புறமும் கெயின் போதலைன்னா பத்து சதவீதமா ஏத்தி, ஒவ்வொரு தடவையும் லேசா தட்டிப் பாருங்க. ஆட்டம் அடங்காம தொடர்ந்தா அந்த மதிப்புல பாதிக்கு இறக்குங்க. ஒருத்தர் கை எமர்ஜென்சி ஸ்டாப் மேலயே இருக்கணும்.

குன்னூர்_அக்கா
பேப்பர் விஷயத்தை யாரும் தொடவே இல்லையே. குடியேறின ரெண்டு வாரத்துக்குள்ள ஆன்மெல்டுங் (முகவரிப் பதிவு) செய்யணும், உனக்கு நாள் தாண்டிடுச்சு. இன்னிக்கே ஆன்லைன்ல அப்பாயின்ட்மென்ட் போட்டு, அந்த உறுதி மெயிலைப் பத்திரமா வை. நீ குடியேறினதுக்கு உறுதிக் கடிதம் தர்றது வீட்டுக்காரரோட சட்டக் கடமை. மெயில்ல எழுத்தா கேள். அப்பவும் தரலைன்னா அதே பதிவு அலுவலகத்துல சொல்லு, அவங்க கேட்பாங்க. பதிவு ஆனாத்தான் வரி எண் தபால்ல வரும். அது சேரலைன்னா சம்பளத்துல ஆறாம் வகுப்பு வரி (அதிகமாப் பிடிக்குறது) பிடிக்க வாய்ப்பிருக்கு, பின்னால சரிக்கட்டலாம். தபால் பெட்டியில உன் பேரை ஒட்டினியா? பேர் இல்லைன்னா தபால் திரும்பிடும். அட்வான்ஸ் மூணு மாச வெறும் வாடகைக்கு (ஹீட்டிங் மாதிரி செலவு சேராதது) மேல கேட்டா குடுக்காதே.

வேலை பத்தி: ப்ரோபேஷன் ஆறு மாசம் வரைக்கும், அதுல ரெண்டு வார நோட்டீஸ். ஒரு டெமோ நின்னு போனதுக்கு ஆராய்ச்சி லேபில் யாரும் அனுப்பமாட்டாங்க. கை யாரையாவது இடிச்சாத்தான் பேச்சு மாறும்.

கட்டபெட்டு_பையன்
நன்றி அண்ணா, அக்கா. பேலோட் கட்டத்துல பழைய கிரிப்பரோட 400 கிராம்தான் இருந்துச்சு. எடை எழுதினதும் தொங்கல் போயிடுச்சு. டெஸ்க்டாப்பை நாளைக்கு மாத்துறேன். அப்பாயின்ட்மென்ட் 19-ம் தேதிக்குக் கிடைச்சிருக்கு. தபால் பெட்டியில பேர் இல்லை, இப்ப ஒட்டப் போறேன்.