கிண்டில் பேப்பர்வொயிட் 3 வாங்கலாமா, 4 வாங்கலாமா? (செகண்ட் ஹேண்ட், கேஓரீடர் போட)

ஓலைக்கட்டு:
பட்ஜெட் 4,000 ரூபாய். வைஃபை எப்போதும் ஆஃப். கேஓரீடர் (மின்னூல் படிக்கும் ஆப்) போட்டு தமிழ் இபப் (மின்னூல் ஃபைல்) படிக்க மட்டும்தான். கையில் இரண்டு விளம்பரங்கள்: பேப்பர்வொயிட் 3 (3,200), பேப்பர்வொயிட் 4 (3,900). ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) எந்தப் பதிப்பு என்று விற்பவர்களுக்குத் தெரியவில்லை. எது? இல்லை, கோபோ (வேறு நிறுவனத்தின் ரீடர்) கிடைக்கும்வரை பொறுக்கலாமா?

மைத்திரை:
3-ஐ எடுங்க. 2015 மாடல்தான், ஆனா திரை 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), 4-லும் அதேதான். 4-ல் கூடுதலா வருவது தண்ணீர் புகாத உடம்பும் குறைஞ்சது 8 ஜிபியும். வெறும் இபப்புக்கு 3-ன் 4 ஜிபியே நிரம்பாது.

விஷயம் ஃபர்ம்வேர்ல இருக்கு. கேஓரீடர் போட முதல்ல ஜெயில்பிரேக் பண்ணணும், அதாவது அமேசான் போட்ட பூட்டைத் திறக்கணும். அதுக்கான கருவி வின்டர்பிரேக்; அது 5.18.1-க்குக் கீழே உள்ளதைத்தான் திறக்கும். பேப்பர்வொயிட் 3-க்கு வந்த கடைசிப் பதிப்பு 5.16.2.1.1. ஆக அது எவ்வளவு அப்டேட் ஆகியிருந்தாலும் பிரச்சினை இல்லை. 4 அப்படியில்ல; முந்தைய ஓனர் வைஃபையை ஆன்ல விட்டிருந்தா எல்லையைத் தாண்டிப் போயிருக்கும்.

முதுகில் டிபி75எஸ்டிஐ என்று போட்டிருப்பதைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. 2-லும் 3-லும் அதே எண்தான். 2-ன் திரை வெறும் 212 பிபிஐ. செட்டிங்ஸில் டிவைஸ் இன்ஃபோ போய் சீரியல் பாருங்க. ஜி090ஜி என்று தொடங்கினால் 3.

நூல்வலை:
நேரில் போகும்போது மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு, விற்பவர் முன்னாலேயே உங்கள் அமேசான் கணக்கில் பதிவு செய்யுங்கள். பதிவாகவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். வின்டர்பிரேக், கிண்டிலின் ஸ்டோர் பக்கம் வழியாக நுழைகிறது; பதிவாகாத கிண்டிலில் அது நடக்காது. பதிவானதும் ஏரோபிளேன் மோடுக்கு மாற்றிவிடுங்கள்.

திரையில் முந்தைய பக்கத்தின் நிழல் லேசாகத் தெரிந்தால் பயம் வேண்டாம், முழு ரிஃப்ரெஷில் போய்விடும். பக்கம் திருப்பியும் நகராமல் நிற்கும் கோடு வேறு கதை. பேனல் போய்விட்டது, பாதி விலைக்கும் வேண்டாம்.

கோபோ கிளாரா ஹெச்டி கண்ணில் பட்டால் மட்டும் யோசியுங்கள். ஜெயில்பிரேக்கே தேவையில்லை. உள்ளே 8 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டுதான் சேமிப்பகம், பெரிய கார்டு மாற்றலாம். ஆனால் முழு கார்டையும் இமேஜாக (அச்சு அசலான நகலாக) எடுங்கள். ஃபைல்களை மட்டும் காப்பி செய்தால் பூட் ஆகாது, ஏனென்றால் கருவியைத் தொடங்கி வைக்கும் பூட்லோடர், கார்டின் முதல் பார்ட்டிஷனுக்கு (ஃபைல்கள் இருக்கும் பகுதிக்கு) முன்னால் இருக்கிறது.

ஓலைக்கட்டு:
3-ஐ வாங்கியாயிற்று, 5.16.2.1.1. வின்டர்பிரேக் ஃபைல்களைப் போட்டு ரீஸ்டார்ட் செய்து ஸ்டோரைத் திறந்தால் வின்டர்பிரேக் வராமல் சாதாரண ஸ்டோர்தான் வருகிறது.

மைத்திரை:
ஜிப்பில் பெயர் புள்ளியில் தொடங்கும் ஒரு ஃபோல்டர் இருக்கு, 'ஆக்டிவ் கன்டென்ட் சாண்ட்பாக்ஸ்'. கம்ப்யூட்டர் அதை மறைச்சு வைக்கும்; எல்லாம் செலக்ட் பண்ணியும் விட்டுப்போகும். மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, அதையும் சேர்த்து கிண்டிலின் மேல்மட்டத்தில் போடுங்க. ஏரோபிளேன் மோடு ஆன்ல இருக்கும்போதே ரீஸ்டார்ட். அப்புறம் ஸ்டோரைத் தொட்டா மோடை ஆஃப் பண்ணவான்னு கேட்கும், சரி கொடுங்க. முடிஞ்ச உடனே மறுபடி ஆன்.

அடுத்து ஹாட்ஃபிக்ஸ் (ஜெயில்பிரேக்கை நிலைக்க வைப்பது) '.bin' ஃபைலைப் போட்டு 'அப்டேட் யுவர் கிண்டில்'. பிறகு கேயுஏஎல் (ஆப்களைத் திறக்கும் மெனு), எம்ஆர்பிஐ (பொதிகளை நிறுவும் கருவி). கேஓரீடரில் 'கிண்டில்பிடபிள்யூ2' பொதி எடுங்க. 'கிண்டில்ஹெச்எஃப்' 5.16.3-லிருந்து மேலே உள்ளதுக்கு; உங்களுதுல அது திறக்காது.

ஓலைக்கட்டு:
வேலை செய்கிறது. ஆனால் 'கொக்கு' என்ற சொல்லில் கொம்பும் காலும் க-வுக்குப் பின்னால் போய் நிற்கின்றன. ஃபான்ட் மாற்றியும் அப்படியே.

நூல்வலை:
ஃபான்ட் குற்றம் இல்லை. யூனிகோடில் முதலில் க, பிறகுதான் ஒகரக் குறி. கொம்பை முன்னால் இழுத்து வைப்பது ஹார்ஃப்பஸ் (எழுத்துகளை அடுக்கி வடிவம் கொடுக்கும் நிரல்) வேலை. கேஓரீடரின் கீழ் மெனுவில் ஃபான்ட் கெர்னிங் 'ஃபாஸ்ட்' என்று இருந்தால் அது ஓடவே ஓடாது. 'பெஸ்ட்' வையுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் ஃபான்ட்டை கேஓரீடரின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டுக்கொண்டால் படிக்க இதம்.

ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் இபப்பையே எடுங்கள். 6 அங்குல பிடிஎஃப்பும் தருகிறார்கள், ஆனால் அதில் எழுத்தைப் பெரிதாக்குவது தொல்லை. பழைய டிஸ்கி குறியேற்றத்தில் உள்ள நூல் என்றால் எந்த செட்டிங்கும் உதவாது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே கிண்டிலுக்கு அனுப்புங்கள்.