மூத்த உறுப்பினரே அரைகுறையாகக் கேட்டால் எப்படிக் கையாள்வது?

கேள்வி (டர்பன்)
இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த முன்னோரைத் தேடும் நம் வம்ச வரலாற்றுக் குழுவில் எல்லாருக்கும் தேடிக் கொடுக்கும் மூத்தவர்கள் சிலர், தாங்கள் கேட்கும்போது மட்டும் இப்படி எழுதுகிறார்கள்: "காத்தாயி, 1890 வாக்கில் வந்தவர். யாருக்காவது தெரியுமா?" புதியவர் இப்படிக் கேட்டால் காலனியல் நம்பர் (வந்திறங்கிய வரிசைப்படி ஒவ்வொரு கூலிக்கும் தந்த எண்), ஜில்லா, கிராமம் எல்லாம் கேட்கிறோம். மூத்தவரிடம் கேட்க வாய் வருவதில்லை. கேள்வியை நீக்கினால் மனஸ்தாபம், விட்டால் புதியவர்களும் அதையே பழகுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
நீக்காதீர்கள். முதலில் தனியாக எழுதுங்கள். "விவரம் போதாது" என்றால் கோபம்தான் வரும், எது வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள்: "ஐயா, காத்தாயியின் தகப்பனார் பெயர் எந்தப் பத்திரத்தில் இருக்கிறது? எந்தெந்தக் கப்பல் பட்டியலைப் பார்த்துவிட்டீர்கள்?"

இரண்டாவது கேள்விதான் முக்கியம். புதியவருக்கு அடிப்படை தெரியாது. மூத்தவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் தேடி முடித்த இடங்களை எழுதாமல் மனசிலேயே வைத்துக்கொள்வார். அதனால் பத்துப் பேர் அதே பட்டியலை மறுபடி புரட்டுவார்கள்.

பதில் (சாட்ஸ்வொர்த்)
காலனியல் நம்பரைக் கட்டாயம் கேளுங்கள், அதிலேயே பாதி விடை இருக்கும். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். 1866இல் ஆள் வரவு நின்றபோது அதுவரை வந்தவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம். 1874இல் மறுபடி தொடங்கியது. ஆகவே 1890இல் வந்தவருக்கு ஐந்து இலக்கம்தான் இருக்கும். நாலு இலக்கம் என்றால் வருஷம் தப்பு, இல்லை அது பெற்றோரின் நம்பர். இங்கே பிறந்த பிள்ளைகளின் பத்திரத்தில் தாய் தகப்பன் நம்பரைத்தான் எழுதியிருப்பார்கள்.

இன்றைய குடும்பப் பெயரை வைத்துத் தேடினாலும் கிடைக்காது. பட்டியலில் இருப்பது ஆளின் பெயரும் தகப்பன் பெயரும்தான், அதுவும் எழுத்தர் காதில் விழுந்தபடி.

பதில் (பீனிக்ஸ்)
தனிச்செய்தி மட்டும் போதாது என்பேன். புதியவர் கண்ணில் படுவது அந்த அரைகுறைக் கேள்விதானே? இரண்டு நாள் பொறுங்கள். பதில் வந்தால் அவர் சம்மதத்தோடு கேள்வியையே திருத்துங்கள். வராவிட்டால் புதியவருக்கு எழுதும் அதே வரியை அவருக்கும் பொதுவில் எழுதுங்கள், ஒரு சொல் கூடக் குறையக் கூடாது.

திருத்திய கேள்வி இப்படி இருக்கலாம்: "காத்தாயி, தகப்பன் சடையன், வட ஆற்காடு ஜில்லா. 1890 என்பது வீட்டார் சொன்னது. மகன் கல்யாணப் பத்திரத்தில் தாயின் நம்பர் ஐந்து இலக்கம். கடைசி இலக்கம் 1ஆ 7ஆ தெரியவில்லை. இரண்டு நம்பரையும் பட்டியலில் பார்த்தாயிற்று, இரண்டும் ஆண்களுடையவை."

பதில் (சாட்ஸ்வொர்த்)
இப்படி எழுதினால் உடனே உதவலாம். இரண்டும் ஆண்களுடையவை என்றால் நடு இலக்கங்களில் 3ஐயும் 8ஐயும் மாற்றிப் பார்க்கச் சொல்வேன். பழைய மசியில் அவைதான் அதிகம் ஏமாற்றும்.