ஸ்கூலில் கையெழுத்து கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி: கனடா வந்து நாலு மாதம் ஆகிறது. மகனுக்கு 13 வயது. முடி வளர்க்கிறான், கண்ணுக்கு மை போடுகிறான். பஸ்ஸில் நம் ஆட்கள் யாராவது ஏறினால் ஜாக்கெட் கையால் மையைத் துடைக்கிறான், கன்னமெல்லாம் கறுப்பாகி வீட்டுக்கு வருகிறான். நேற்று ஸ்கூலிலிருந்து ஒரு படிவம் வந்தது, நான் கையெழுத்துப் போடணுமாம், செவ்வாய்க்கிழமை நேரிலும் வரச் சொல்கிறார்கள். இதனால் எங்கள் பிஆருக்கு (நிரந்தர வதிவுரிமைக்கு) ஏதாவது ஆகுமா? இரவெல்லாம் தூக்கமில்லை.

பதில் 1: பயப்படாதீங்கோ அக்கா, கையெழுத்து தேவையே இல்லை. 2012-லேயே ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டத்தில் பாலின அடையாளம், பாலின வெளிப்பாடு (முடி, உடை, மை என்று வெளியே காட்டுவது) இரண்டையும் சேர்த்துவிட்டார்கள்.

பதில் 2: நாங்கள் வந்த புதிதில் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்டில் ஆறு பேர். ஆங்கிலத்துக்குப் பயந்து நான் ஸ்கூல் பக்கமே போனதில்லை. என் மகள் வகுப்பில் யாரோடும் பேசாமல் இருந்தது எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆனது. கட்டாயம் போங்கள்.

பதில் 3: தேவையில்லை என்று சொல்லாதீர்கள். நாங்கள் இருப்பது ரெஜைனா. சஸ்காட்செவனில் 2023-ல் வந்த சட்டப்படி 16 வயதுக்குக் கீழே என்றால், ஸ்கூலில் பெயர் மாற்றிக் கூப்பிடப் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

பதில் 4: மாகாணத்துக்கு ஒரு சட்டம் என்றால் புதிதாக வந்தவர்கள் எங்கே போய்க் கேட்பது? ஹெல்த் கார்டும் இப்படித்தான், லைசென்சும் இப்படித்தான்.

பதில் 2: லைசென்ஸ் எடுக்க எனக்கு மூன்று தடவை ஆனது, அதுவும் பனியில்.

பதில் 5: தங்கச்சி எந்த மாகாணம் என்று இன்னும் சொல்லவே இல்லை. படிவத்தில் என்னதான் கேட்டிருக்கிறார்கள்?

கேட்டவர்: மன்னிக்கவும், கால்கரி. வேறு பெயரில் கூப்பிடச் சம்மதமா என்று இருக்கிறது. அவன் வேறு பெயர் கேட்டிருக்கிறான் என்பதே நேற்றுதான் தெரிந்தது.

பதில் 5: அப்போ ஆல்பர்ட்டா. அங்கே 2024-ல் சட்டம் கொண்டுவந்தார்கள், 2025 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 15 வயது வரை பெயரோ பிரதிப்பெயரோ (அவன், அவள் என்று கூப்பிடுவது) மாற்றப் பெற்றோர் சம்மதம் வேண்டும், 16, 17 என்றால் பெற்றோருக்குத் தெரிவித்தால் போதும். இந்தச் சம்மதம் பெயருக்குத்தான். முடிக்கும் மைக்கும் உங்கள் கையெழுத்து வேண்டாம். அதை வைத்து யாராவது பிள்ளையைச் சீண்டினால், ஆல்பர்ட்டா மனித உரிமைச் சட்டத்தில் 2015-லிருந்தே பாலின வெளிப்பாடும் இருக்கிறது, அதைச் சொல்லிக் கேளுங்கள். பிஆருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. செவ்வாய்க்கிழமைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இன்றைக்கே ஈமெயில் போடுங்கள், சொந்தக்காரர் யாரையும் கூட்டிப் போக வேண்டாம். படிவத்தைப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள், எந்தப் பெயர் என்று பிள்ளை வாயாலேயே கேளுங்கள். உங்களிடம் பேசத் தயங்கினால் கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் என்ற பிள்ளைகளுக்கான உதவி சேவைக்கு 686868-ல் மெசேஜ் அனுப்பலாம், ராத்திரியிலும் ஆள் இருப்பார்கள்.

கேட்டவர்: ஈமெயில் போட்டுவிட்டேன் அண்ணா. இன்று சாப்பிட்ட பிறகு கேட்கிறேன்.