நியூட்ரான் குண்டு: கார்ட்டர் யார் பேச்சைக் கேட்டார்?

பிறைத்தம்பி:
நேற்று பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் ஒரு மாமாக் கடையில் மாமாவோடு வாக்குவாதம். தே தாரேக்கில் ஆடை படிந்தும் முடியவில்லை. 1978இல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் நியூட்ரான் குண்டை நிறுத்தியது ஆலோசகர்கள் சொல்லித்தான் என்கிறார் அவர். இல்லை, அவர்கள் எதிர்த்தார்கள் என்கிறேன் நான். பந்தயம் ஒரு ரொட்டி சானாய்.

ஆயர்ஈத்தாம் அண்ணன்:
ரொட்டி உங்களுக்குத்தான் தம்பி. வெளியுறவு அமைச்சர் வான்ஸ், பாதுகாப்பு அமைச்சர் பிரவுன், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கி, மூவருமே தயாரிக்கலாம் என்றவர்கள். வான்ஸுக்கும் பிரெசின்ஸ்கிக்கும் வழக்கமாக ஏழாம் பொருத்தம். இதில் ஒரே பக்கம்! ஆனால் 1977இல் பத்திரிகையில் செய்தி கசிந்ததும், 'கட்டடத்தை விட்டு ஆளை மட்டும் கொல்லும் குண்டு' என்று பேராகிவிட்டது. அதை வைக்கவிருந்த ஐரோப்பாவில் ஊர்வலம், கண்டனம். அந்தப் பழியைத் தனியாகச் சுமக்க கார்ட்டருக்கு மனமில்லை.

பழைய வாத்தியார்:
பாவம், மேற்கு ஜெர்மனியின் அரசுத் தலைவர் ஷ்மிட். சொந்தக் கட்சியின் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு குண்டுக்கு ஆதரவு சேர்த்தவர். கார்ட்டரின் 1978 ஏப்ரல் 7 அறிவிப்பு அவர் காலை வாரிவிட்டது. குண்டைப் பற்றி என்ன நினைத்தாலும், கூட்டாளியை இப்படி நடத்தியது தப்புதான்.

ஆயர்ஈத்தாம் அண்ணன்:
சரி, ஒரு திருத்தம். கார்ட்டர் நிறுத்தவில்லை, தள்ளிப்போட்டார். 1981இல் அடுத்த அதிபர் ரீகன் தயாரிக்கச் சொல்லிவிட்டார்.

பிறைத்தம்பி:
ஐயோ அண்ணே, இதை மாமாவும் படித்துவிட்டார். 'நிறுத்தவே இல்லையே, அப்புறம் என்ன பந்தயம்?' என்கிறார்.